மதுரை மீனாட்சி கோவில் தெற்குக் கோபுரம், அட்டையில்: எந்தப் பேப்பர் வாங்குவது, டிசைன் எங்கே கிடைக்கும்?

விளாச்சேரி மருமகள் | ஆகஸ்ட் 25, இரவு 9.40

வணக்கம். இந்தப் பக்கத்துக்கு நான் புதிது. தப்பான பகுதியில் கேட்டிருந்தால் நகர்த்திவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வருடா வருடம் கொலு உண்டு. வாக்கப்பட்ட ஊரே விளாச்சேரி என்பதால் பொம்மைக்குப் பஞ்சமில்லை. இந்த வருடம் மீனாட்சி கல்யாணம் செட்டுக்குப் பின்னால் தெற்குக் கோபுரம் நிற்க வேண்டும் என்று ஏழாவது படிக்கும் மகள் ஒரே பிடிவாதம். தெர்மாக்கோலில் வெட்டிவிடலாம் என்றேன். "அது வைகை அணைக்குத்தான்மா, நமக்குப் பேப்பர் போதும்" என்கிறாள்.

சரியென்று 300 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை பத்து வாங்கினேன். தடிமனாக இருந்தால் உறுதியாக நிற்கும் என்பது என் கணக்கு. நெட்டில் கிடைத்த முன்பக்கப் படத்தைக் கலர் ஜெராக்ஸ் கடையில் அதன் மேல் அடித்து, வெட்டி, மடித்து ஒட்டினேன். மூன்று இடத்தில் தோல்வி.

ஒன்று, மடித்த இடமெல்லாம் நிறம் உதிர்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு. இரண்டு, உச்சியில் படகைக் கவிழ்த்த மாதிரி வளையுமே, அந்தப் பகுதி வளையவே இல்லை. பழைய ஓலைப்பாயைச் சுருட்டினால் விரிவிடுமே, அப்படி வரி வரியாக முறிந்தது. மூன்று, முன்பக்கமும் பக்கவாட்டும் சேரும் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன்.

இன்னும் தடிமனான அட்டை வாங்கவா? இதற்கென்று ரெடியான டிசைன் எங்காவது கிடைக்குமா? நவராத்திரிக்கு நான்கு வாரம் இருக்கிறது.

யானைமலை | ஆகஸ்ட் 25, இரவு 10.15

வாங்கக்கா. டிசைன் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், பேப்பருக்கு இங்கே ஒரு சிவகாசிக்காரர் இருக்கிறார், வருவார்.

முதல் முறை செய்பவர்களை நான் எப்போதும் கேனான் நிறுவனத்தின் கிரியேட்டிவ் பார்க் தளத்துக்குத்தான் அனுப்புவேன். இலவசம். ஜப்பானின் இமெஜி கோட்டை, நம் தாஜ் மஹால் என்று உலகக் கட்டடங்கள் வரிசையாக இருக்கும். பாகங்கள் ஒரு பிடிஎஃப், ஒட்டும் முறை தனி பிடிஎஃப். எழுத்து புரியாவிட்டாலும் படத்தைப் பார்த்தே ஒட்டிவிடலாம். விண்கலம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நாசாவின் தளங்களில் காகித மாதிரிகள் உண்டு. யமஹாவும் ஒரு காலத்தில் பைக்குகளை நட்டு போல்ட் முதற்கொண்டு காகிதத்தில் வடிவமைத்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது, 2018-இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் தீரவில்லை. பிடித்த டிசைனைப் பார்த்தால் அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அந்தத் தளம் இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இந்தக் கலை ஐரோப்பாவில் ரொம்பப் பழையது. போலந்தில் மாவி மொடெலாஷ் என்ற பத்திரிகை 1957 முதல் வந்தது. வாங்கி, பக்கங்களை வெட்டி ஒட்டினால் கப்பலோ விமானமோ ஆகிவிடும். அங்கே அளவு விகிதம் விமானம் என்றால் 1:33, கப்பல் என்றால் 1:200 என்று ஒரு வழக்கமே இருக்கிறது. ஜெர்மனியில் கப்பலுக்கு 1:250. ஆகவே தேடும்போது ஆங்கிலத்தில் மட்டும் தேடாதீர்கள். 'காகித மாதிரி' என்பதை ஜப்பானிய, போலிஷ், ஜெர்மன் மொழிகளில் மொழிபெயர்த்து, அந்தந்த எழுத்திலேயே தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். வேறு உலகமே திறக்கும்.

சில கோப்புகள் பேப்பகுரா என்ற ஜப்பானியச் செயலியின் வடிவில் இருக்கும். திறந்து பார்த்து அச்சடிக்கும் செயலி இலவசம், டிசைன் பண்ணும் செயலிக்குத்தான் காசு.

எந்த டிசைனாக இருந்தாலும் இறக்குவதற்கு முன் ஒன்றைப் பார்ப்பேன். யாராவது அதை நிஜமாகவே செய்து எடுத்த போட்டோ இருக்கிறதா? கணினியில் வரைந்த பளபளப் படம் மட்டும் இருந்தால் நான் தொடமாட்டேன். ஒட்டுவதற்குக் கை நுழையாத மூலைகளை அதில் வைத்திருப்பார்கள்.

தெற்குக் கோபுரத்துக்கு நம்பிச் செய்யும்படியான டிசைன் நான் பார்த்ததில்லை. நீங்களே வரைவதுதான் வழி. பயப்பட வேண்டாம், நம் வாத்தியார் ஐயா வருவார்.

சிவகாசி கட்டிங் | ஆகஸ்ட் 26, காலை 6.50

அக்கா, இன்னும் தடிமனாக வாங்கிவிடாதீர்கள். உங்கள் அட்டை ஏற்கெனவே அதிகம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். உறுதிக்கான மார்க் இல்லை. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியென்றால் 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று 5 கிராம், 160 என்றால் 10 கிராம். கடையில் 200 என்று சொல்லிக் கொடுத்தது நிஜமாகவே 200-தானா என்று சந்தேகம் வந்தால், பத்துத் தாளைச் சமையலறைத் தராசில் போடுங்கள். 125 கிராம் காட்ட வேண்டும். நான் இதைச் செய்து காட்டி ஒரு கடையில் பகை சம்பாதித்திருக்கிறேன், அது வேறு கதை.

ஒரே ஜிஎஸ்எம்மில் இரண்டு பேப்பர் ஒரே தடிமனாக இருக்காது. ஆர்ட் கார்டு மேல்பூச்சுப் பூசி அழுத்தப்பட்டது, ஒல்லியாகத்தான் இருக்கும். பூச்சில்லாத பேப்பர் அதே எடையில் உப்பலாக இருக்கும். மாதிரி செய்ய எனக்குப் பூச்சில்லாததுதான் பிடிக்கும். காரணம் நீங்களே பார்த்துவிட்டீர்கள். லேசர் பிரிண்டில் நிறம் காகிதத்துக்குள் இறங்காது, மேலே உருகிப் படிந்த ஓடு மாதிரி நிற்கும். வழவழப்பான கெட்டி அட்டையை மடித்தால் அந்த ஓடு விரிசல் விடத்தான் செய்யும்.

உங்கள் வேலைக்கு: சுவர்களுக்குப் பூச்சில்லாத 160 முதல் 200. வளையும் உச்சிக்கு 120. கபோத விளிம்பு (நீட்டிக்கொண்டிருக்கும் கூரை ஓரம்), கலசம் போன்ற சின்னச் சாமான்களுக்குச் சாதாரண 100 எக்ஸிகியூட்டிவ் பாண்ட் போதும். சார்ட் பேப்பர் வேண்டாம், பள்ளிக்கூடச் சுவரில் தொங்குவதற்கு மட்டும் அது சரி. டூப்ளெக்ஸ் அட்டையும், அதாவது ஒரு பக்கம் வெள்ளை மறுபக்கம் சாம்பலாக ஸ்வீட் பாக்ஸில் வருமே அதுவும், மேல் தோலுக்கு வேண்டாம். வெட்டிய விளிம்பில் சாம்பல் தெரியும். இந்த மாதிரி அட்டையெல்லாம் எங்கோ வெளிநாட்டில் பிறப்பதில்லை. ரயிலில் திருச்சி போகும்போது மணப்பாறை வருமே, அதற்குப் பக்கத்து மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டிஎன்பிஎல்-லின் அட்டை ஆலை இருக்கிறது.

தடிமனை விட முக்கியம், கிரெயின். காகிதத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. மில்லில் கூழ் ஓடும் திசையில் இழைகள் படுத்துக்கொள்கின்றன. இழையோடு மடித்தால் கோடு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் இழை ஒடியும். உங்கள் உச்சி முறிந்தது இதனால்தான் என்று பார்க்காமலே சொல்வேன்.

டவுன்ஹால் ரோடு | ஆகஸ்ட் 26, மதியம் 1.05

இதெல்லாம் ஓவர்ங்க. இருபது வருடமாகக் கல்யாண மேடைக்கு அட்டையில் டெக்கரேஷன் பண்ணுகிறேன், கிரெயின் பார்த்து ஒருநாளும் வெட்டியதில்லை. நல்ல பிளேடு, நல்ல ஸ்கேல், கை பழக்கம். அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

சிவகாசி கட்டிங் | ஆகஸ்ட் 26, மதியம் 2.30

அண்ணே, உங்கள் மேடை பத்தடி தள்ளி நின்று பார்ப்பது, ஒரு ராத்திரியில் பிரிப்பது. அக்காவின் கோபுரம் ஒன்பது நாள் கண்ணுக்கு நேரே நிற்கப்போகிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் இன்றைக்கு வந்த நியூஸ் பேப்பரை எடுங்கள். மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வரும். குறுக்கே கிழித்தால் பல்லுப் பல்லாக எங்கேயோ போகும். போண்டா மடிக்கும் கடைக்காரருக்கு இது தெரியும், பெயர்தான் தெரியாது.

அட்டையில் பார்க்க இரண்டு வழி. ஒரே தாளிலிருந்து 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள், ஒன்று தாளின் நீளவாக்கில், ஒன்று அகலவாக்கில். எது எது என்று பென்சிலில் குறித்துவிட்டு, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒரு நுனியைப் பிடியுங்கள். பிறகு மேல் கீழ் மாற்றிப் பிடியுங்கள். ஒன்று விறைத்து நிற்கும், ஒன்று தலை தொங்கும். விறைத்த பட்டையின் நீளம்தான் இழை ஓடும் திசை. இன்னொன்று, ஒரு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் தடவுங்கள். குழல் மாதிரி சுருளும். குழல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, இழையும் அந்தப் பக்கம்.

வாத்தியார் ஐயா எங்கே?

வடக்குமாசி வாத்தியார் | ஆகஸ்ட் 26, இரவு 8.20

வந்துவிட்டேன். இழையைப் பற்றி இழையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது.

அம்மா, உங்கள் மூலை இடைவெளிக்குப் பேப்பர் காரணமில்லை. கணக்கு காரணம். நிலையின், அதாவது ஒவ்வொரு அடுக்கின், உயரத்தையே முகத்தின் உயரமாக வைத்து வெட்டியிருப்பீர்கள். கோபுரச் சுவர் செங்குத்தாக நிற்பதில்லை, உள்நோக்கிச் சாய்கிறது. சாய்ந்த முகத்தின் நீளம் எப்போதும் உயரத்தை விடக் கூடுதல். அதிலும் முன்முகத்துக்கு ஒரு கூடுதல், பக்கமுகத்துக்கு வேறு கூடுதல்.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. கீழே 22 செ.மீ. அகலம், 13 ஆழம். மேலே 19 அகலம், 11 ஆழம். உயரம் 4.

அகலம் 3 குறைகிறது, ஆகவே இடதும் வலதும் ஒன்றரை ஒன்றரை உள்வாங்கும். ஆழம் 2 குறைகிறது, முன்னும் பின்னும் 1 உள்வாங்கும். முன்முகம் சாய்வது அந்த 1 செ.மீ.யால். உயரம் 4-இன் வர்க்கம் 16, அதோடு 1-இன் வர்க்கம் 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அதன் நீளம் 4.12. பக்கமுகம் சாய்வது ஒன்றரையால். 16 கூட்டல் 2.25, வர்க்கமூலம் 4.27. இப்படி வரைந்தால் இரண்டு முகத்தின் சாய்ந்த விளிம்பும் 4.39 என்று ஒரே அளவாக வரும், ஒட்டினால் கச்சிதமாக உட்காரும். நீங்கள் இரண்டுக்கும் 4 என்றே வைத்திருந்தால் ஒரு விளிம்பு 4.27, மற்றது 4.12. ஒரு நிலைக்கு ஒன்றரை மில்லிமீட்டர். தெற்குக் கோபுரத்துக்கு ஒன்பது நிலை. விரல் நுழையாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. அந்தக் கோபுரத்தின் ஓரக்கோடு நேர்கோடு அன்று. தெற்குச் சித்திரை வீதியில் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், லேசாக உள்வாங்கிய வளைவாக ஏறும். மற்ற கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு அதுதான் அழகு. ஆகவே ஒரே சரிவை ஒன்பது நிலைக்கும் போட்டால் அது ஏதோ ஒரு கோபுரமாக இருக்கும், தெற்குக் கோபுரமாக இருக்காது. கீழ்நிலைகள் அதிகமாக உள்வாங்கும், மேலே போகப்போகக் குறையும். போட்டோவைத் திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு நிலையின் கீழ் அகலம், மேல் அகலம் இரண்டையும் ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், மகளிடம் கொடுங்கள். வர்க்கமூலம் அடுத்த வகுப்பில் வரும், இப்போதே பார்த்துவிடட்டும்.

மொத்த அளவு: உயரம் 170 அடி, அடித்தளம் 108 அடிக்கு 67 அடி. 1:100 என்றால் உயரம் 52 செ.மீ., அடித்தளம் 33-க்கு 20 செ.மீ.

யானைமலை | ஆகஸ்ட் 26, இரவு 9.00

போட்டோ எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கோவிலுக்குள் செல்போன் கிடையாது, ஆனால் தெற்குக் கோபுரத்தின் வெளிமுகத்தைத் தெருவில் நின்றே எடுக்கலாம். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் உச்சி இல்லாத அளவுக்குக் குறுகிவிடும், அந்தப் படத்தை வைத்து அளந்தால் எல்லாம் பொய். எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ போய், ஜூம் பண்ணி எடுங்கள். பக்கத்தில் ஏதாவது மாடி கிடைத்தால் அமோகம். காலை எட்டு மணி வாக்கில் எடுங்கள், சுதைச் சிற்பங்களுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் விழும். அந்த நிழலோடு அச்சடித்தால் தட்டைக் காகிதத்திலேயே மேடு பள்ளம் தெரியும். மதியம் எடுத்தால் வெளிறிப்போகும்.

மிச்சச் சாய்வை கிம்ப் செயலியில் நிமிர்த்திக்கொள்ளலாம், பாகங்களை வரைய இங்க்ஸ்கேப். இரண்டும் இலவசம்.

விளாச்சேரி மருமகள் | செப்டம்பர் 2, இரவு 10.30

ஐயா, உங்கள் கணக்கு பலித்தது! மகள் ஒன்பது நிலைக்கும் அட்டவணை போட்டுவிட்டாள். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானைத் தேடுவதற்குத்தான் அரை மணி நேரம் ஆனது. வெறும் வெள்ளைத் தாளில் மூன்று நிலை செய்து பார்த்தோம், மூலை பூட்டுப் போட்ட மாதிரி சேர்ந்தது.

ஆனால் கடையில் அச்சடித்துக்கொண்டு வந்தது மறுபடி சேரவில்லை. முதல் இரண்டு பக்கம் சரி, மூன்றாவது பக்கத்துப் பாகங்கள் மட்டும் சின்னதாக இருக்கின்றன. அதே கடை, அதே மெஷின். 340 ரூபாய் போச்சு. "தாளுக்குள் அடங்காததைக் கொஞ்சம் அடக்கிப் போட்டேன்க்கா" என்கிறார் அந்தப் பையன், ஏதோ உபகாரம் செய்த மாதிரி.

சிவகாசி கட்டிங் | செப்டம்பர் 3, காலை 6.40

அந்த 'அடக்கிப் போடுவது' இருக்கிறதே, காகித மாதிரி செய்கிறவர்களின் பரம்பரை எதிரி. பிரிண்ட் கொடுக்கும்போது 'அசல் அளவு, 100 சதவீதம்' என்று எழுதியே கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 10 செ.மீ. கோடு ஒன்று வரைந்துவிடுங்கள். அச்சானதும் கடையை விட்டு இறங்குமுன் ஸ்கேல் வைத்து எல்லாப் பக்கத்திலும் அளங்கள். 9.7 காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். அமெரிக்க டிசைன்களில் இந்த 9.7 அடிக்கடி வரும். அவர்கள் தாள் 216 மி.மீ. அகலம், நம் ஏ4 210. அதில் அடக்கினால் எல்லாம் மூன்று சதவீதம் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால்கூடப் பரவாயில்லை, மாதிரி சின்னதாக வரும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் போச்சு.

வீட்டில் இங்க்ஜெட் இருந்தால் மடிப்பு விரிசல் பிரச்சினை பாதி குறையும், மை இழைக்குள் இறங்கிவிடுவதால். ஆனால் சாதாரண மை தண்ணீர் பட்டால் பரவும். ஈரப் பசைக் கை பட்டால் மீனாட்சி முகம் பச்சையிலிருந்து பாசியாகிவிடும். அச்சடித்து ஒரு நாள் காயவிட்டு, ஒட்டும்போது பசை வேறு கை, படம் வேறு கை என்று இருக்க வேண்டும்.

காலண்டர் அட்டை | செப்டம்பர் 3, இரவு 7.55

தாமதமாக வருகிறேன். என் பெயரே பதில்.

52 செ.மீ. உயரக் கோபுரத்தை 160 ஜிஎஸ்எம் தோல் மட்டும் தாங்காது. உள்ளே எலும்பு வேண்டும். டிசம்பர் முடிந்தால் தூக்கிப்போடுகிற தினத்தாள் காலண்டரின் அட்டை இருக்கிறதே, அதைவிட நல்ல எலும்பு கிடையாது. ஒவ்வொரு நிலையின் கூரை அளவுக்கும் ஒரு செவ்வகம் வெட்டுங்கள், அதன் மேல் அடுத்த நிலை உட்காரும். நடுவில் கூட்டல் குறி மாதிரி இரண்டு அட்டையைப் பிளவு போட்டுச் செருகி நிறுத்திவிட்டால் கொலுப்படியில் யார் இடித்தாலும் ஆடாது. கெட்டி அட்டையை ஒரே இழுப்பில் அறுக்காதீர்கள். ஸ்டீல் ஸ்கேலை அழுத்தி, லேசாக ஐந்தாறு முறை. ஸ்னாப் பிளேடு மழுங்கியதும் நுனியை உடையுங்கள். பிளேடில் கஞ்சத்தனம் பண்ணித்தான் என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு.

அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காய்ந்ததும் வில்லாக வளையும். மறுபக்கமும் ஏதாவது பழைய தாளை ஒட்டுங்கள், இழுப்பு சமமாகும்.

மடிக்கும் முன் கோடு அழுத்த, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. காசு கொடுத்து வாங்கும் கருவி எதுவும் அதற்கு ஈடில்லை. வெள்ளைக் கோடு தெரியும் என்றால் மடிப்பிலும் வெட்டிய விளிம்பிலும் அதே நிறக் கலர் பென்சிலை ஒட்டுவதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள். ஒட்டிய பின் ஓட்டினால் பக்கத்தில் இழுத்துவிடும். இந்த ஒரு வேலைதான் பிள்ளைகள் செய்ததையும் பெரியவர் செய்ததையும் பிரித்துக் காட்டும்.

பசை: வெள்ளை ஃபெவிகால், பல்குத்தும் குச்சியில் எடுத்து, மயிரிழை. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றினால் அதிலிருக்கும் தண்ணீருக்குக் காகிதம் ஊறி அலை அலையாகும். பூச்சுள்ள அட்டையில் பசை பிடிக்காவிட்டால் ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. மைதாப் பசை வேண்டாம், கரப்பானுக்கு நீங்களே விருந்து வைத்த மாதிரி. பழைய பைண்டர்கள் அதற்கு மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

டவுன்ஹால் ரோடு | செப்டம்பர் 4, மதியம் 12.40

சிவகாசித் தம்பிக்கு. நேற்று ராத்திரி சும்மா இருக்கமுடியாமல் வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகை நாலைந்தை எடுத்துப் பட்டை வெட்டிப் பார்த்தேன். தொங்குகிறது. ஒன்று விறைப்பு, ஒன்று தொங்கல். போன தை மாதம் ஒரு மேடைக்கு வளைவுத் தோரணம் வெட்டும்போது பாதி அட்டை சொன்னபடி கேட்டது, பாதி முறிந்தது. கடைக்காரன் கலப்பட அட்டை கொடுத்துவிட்டான் என்று அவனிடம் சண்டை போட்டேன். இப்போது யோசித்தால், பாதியை நான்தான் திருப்பி வைத்து வெட்டியிருக்கிறேன். நல்லவேளை, அவனுக்கு இணையத்தில் இந்தப் பக்கம் தெரியாது.

கல்யாணப் பத்திரிகை என்றதும் ஒன்று. பழைய பத்திரிகைகளைத் தூக்கிப்போடாதீர்கள். கலசத்துக்கும் கூரை ஓரத்துக்கும் தங்க நிற அட்டை அதிலேயே கிடைக்கும்.

விளாச்சேரி மருமகள் | செப்டம்பர் 11, இரவு 11.10

ஏழு நிலை ஏறிவிட்டது. காலண்டர் அட்டை அண்ணன் சொன்ன எலும்பு அபாரம், மகள் அதன் மேல் அகராதியை வைத்துப் பார்த்தாள், நின்றது.

சிக்கல் பேப்பரில். முன்முகம் 33 செ.மீ. என்பதால் ஏ4 போதவில்லை. மொத்தக் கடையில் 180 ஜிஎஸ்எம் பெரிய தாளும், உச்சிக்கு 120-இல் இரண்டு தாளும் வாங்கி, அங்கேயே ஏ3-ஆக வெட்டித் தரச் சொன்னேன். என் வீட்டு ஏ4-இல் இழை நீளவாக்கில் ஓடியது, ஆகவே இதிலும் அப்படித்தான் இருக்கும் என்று சோதிக்கவில்லை. சுவரெல்லாம் அழகாக மடிந்தது. உச்சியின் வளைவு மட்டும் 120-இல்கூட மறுபடி வரி விட்டு முறிந்துவிட்டது. சோதித்தால், ஏ3-இல் இழை குறுக்கே ஓடுகிறது! ஏமாற்றிவிட்டார்களா?

சிவகாசி கட்டிங் | செப்டம்பர் 12, காலை 6.30

ஏமாற்றவில்லை அக்கா, மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய பெரிய தாள் 23-க்கு 36 அங்குலமாக இருக்கும். செ.மீ.யில் 58.4-க்கு 91.4. இழை பெரும்பாலும் அந்த 36 பக்கம் ஓடும். ஏ3 என்பது 42-க்கு 29.7.

ஏ3-இன் நீளத்தை 36 அங்குலப் பக்கமாக வைத்தால் இரண்டுதான் கிடைக்கும். இரண்டாவது வரிசைக்கு 59.4 வேண்டும், தாள் 58.4. ஒரே ஒரு செ.மீ. குறைகிறது. திருப்பி வைத்தால் 29.7 மூன்று முறை 89.1, 91.4-க்குள் அடங்கும். மூன்று தாள் தேறும். எந்தக் கட்டிங்காரரும் மூன்றைத்தான் வெட்டுவார், நானும் அதைத்தான் செய்வேன். அப்படி வெட்டும்போது இழை ஏ3-இன் குட்டைப் பக்கத்தில் விழும்.

உங்களுக்கு அது ஒருவகையில் அதிர்ஷ்டம். முன்முகத்தின் 33 செ.மீ. தாளின் நீளத்தில் படுக்கிறது, ஆகவே இழை கீழிருந்து மேலாக நிற்கிறது. சுவர் தளராது, நான்கு மூலை மடிப்பும் கிட்டத்தட்ட இழையோடு போகும். சுவர் நன்றாக வந்ததற்கு அதுதான் காரணம். படகைக் கவிழ்த்த மாதிரி வளையும் உச்சிக்கு மட்டும் நேர் எதிர். குழல் படுத்திருக்கிறது, ஆகவே இழையும் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு பாகத்தை மட்டும் 90 பாகை திருப்பி அச்சடியுங்கள், தாளின் குட்டைப் பக்கத்தில் அடங்கும் அளவுதான் அது. வளைக்கும் முன் அட்டையை மேசை விளிம்பில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மெல்ல இரண்டு மூன்று முறை கீழே இழுங்கள். தானாகச் சுருளும். அப்புறம் பசை.

வடக்குமாசி வாத்தியார் | செப்டம்பர் 12, காலை 8.05

42-க்கு 29.7-ஐ 91.4-க்கு 58.4-இல் அடுக்குவது நல்ல பரீட்சைக் கேள்வி. முப்பது வருடம் கரும்பலகையில் தோட்டத்துக்குள் பாத்தி கட்டியே இந்தப் பாடத்தை நடத்தினேன். இது தெரியாமல் போய்விட்டதே.

யானைமலை | செப்டம்பர் 12, காலை 9.30

நடுவில் ஒரு கேள்வி. இதையே பாதியாகச் சுருக்கி 1:200-இல் செய்தால்? எங்கள் வீட்டு ஷோகேஸில் 26 செ.மீ.தான் இடம்.

காலண்டர் அட்டை | செப்டம்பர் 12, இரவு 8.10

சுருக்கலாம், ஆனால் பேப்பரும் கூடவே சுருங்க வேண்டும். அதே 180-இல் செய்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டுநாக்கிலும் (பசை தடவ விடும் ஓரத்திலும்) தடிமன் இரண்டு மடங்காகத் தெரியும். 90 அல்லது 100-க்கு இறங்குங்கள். சின்ன விவரங்களைத் தயங்காமல் விட்டுவிடுங்கள், படமாக அச்சானாலே போதும். நான் ஒரு தடவை பழைய பாம்பன் பாலத்தைச் சுருக்கி, ஒரு கர்டருக்குள் சாமணம் நுழையாமல் அப்படியே மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். நூற்றுக்கும் மேல் கண் உள்ள பாலத்தில் நாலோடு நின்றது.

விளாச்சேரி மருமகள் | செப்டம்பர் 21, இரவு 11.50

முடிந்தது. நாளைக்குக் கொலு.

உச்சியைத் திருப்பி அச்சடித்தோம். மேசை விளிம்பில் மகள்தான் இழுத்தாள். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் லேசாகச் சுருண்டது, மூன்றாவதில் தானாகவே குழலாகி நின்றது. ஒரு வரிகூட விழவில்லை. முறிந்துபோன பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், வகுப்பில் காட்டுவதற்கு.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது நிலையின் இடது மூலையில் பசை வழிந்து ஒரு துவாரபாலகர் முகம் கரைந்துவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பிவிட்டோம். இரண்டு நாள் மழையில் கீழ்நிலைச் சுவர் கொஞ்சம் உப்பியது, ஃபேன் காற்றில் வைத்ததும் பாதி அடங்கியது. கலசங்கள் என் நாத்தனார் கல்யாணப் பத்திரிகையிலிருந்து. டவுன்ஹால் ரோடு அண்ணனுக்கு நன்றி. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

மாமனார் வந்து பார்த்தார். அவர் வயதுக்கெல்லாம் மண்ணைத் தவிர வேறு எதையும் மதித்ததில்லை. கோபுரத்தை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?" என்றார். காலண்டர் என்றேன். போன வருடத்து ஆடி மாதமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மிச்சம் நாலு ஏ3 இருக்கிறது, 180-இல். வடக்குக் கோபுரத்துக்குப் போதுமா ஐயா? கேட்பது நானில்லை, அவள்.